பலகாரப் பட்டியலில் இடம்பெறாத பழம்: எல்லைக் கிராமங்களின் சுட்ட பனம்பழம் குறித்து

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் பேக்கரிகளுக்குக் குறைவில்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பிளம் கேக்கும் பழக் கேக்கும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. அதே சாலையிலிருந்து செங்கல், குளத்தூர், காரோடு பக்கம் பிரியும் கிளைவழிகளில், ஆடி தொடங்கிப் புரட்டாசி முடிய, எஞ்சியிருக்கும் பனைகளின் அடியில் பழம் விழுகிறது. கறுத்த தோலும் செம்மஞ்சள் சதையும் ஒரு விளையின் மறுமுனைவரை பரவும் மணமும் கொண்ட பழம். அதில் பெரும்பகுதி மழையில் அழுகி, வண்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு அதே பழம் முற்றத்துத் தணலில் சுடப்பட்டு, குழந்தைகளின் மாலை இனிப்பாக இருந்தது.

எல்லைப் பகுதியின் உணவு மரபைப் பற்றிய பேச்சுகளில் இந்தச் சுட்ட பனம்பழம் ஏறக்குறைய இடம்பெறுவதே இல்லை. கொழுக்கட்டை, இலையடை, திரளி அப்பம், சக்கை அப்பம், முந்திரிக்கொத்து என்று வரிசை நீளும். இது மட்டும் விடுபடும். இந்த விடுபடலைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. எதைச் சமையல் என்றும், எதைப் பலகாரம் என்றும், எதை மரபு என்றும் கல்விப்புலம் ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இப்பகுதி வீடுகளில் செய்யப்பட்ட பழ இனிப்புகளில் மிக எளிதானதும் நெருப்பின் உலர்ந்த வெப்பத்தில் வேகவைக்கப்பட்டதுமான ஓர் உணவு, ஆய்வின் கேள்வித்தாளிலேயே தோற்றுப்போனது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் செய்முறை. தானாக விழுந்த பழமே வேண்டும். மரத்திலிருந்து வெட்டி இறக்கியதில் காறல் மிகுதி. தலைப்பகுதியில் ஒட்டியிருக்கும் தடித்த இதழ்களைப் பெயர்த்து எடுக்க வேண்டும். கதம்பையும் சிரட்டையும் எரிந்து தணிந்த பின் கிடைக்கும் தணலே ஏற்றது. சுவாலை எழும் நெருப்பில் தோல் கரிந்துவிடும், உள்ளே சதை பச்சையாகவே நிற்கும். பழத்தைத் தணலில் புதைத்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பழத்தின் பருமனைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். தோல் வெடித்து, விளிம்பில் சாறு கொப்பளித்து, மணம் மாறும்போது பழம் பக்குவமாகிவிட்டது. தோலை உரித்து, பெரும்பாலும் மூன்றாக இருக்கும் கொட்டைகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் நாரிலும் தங்கியிருக்கும் சதையைச் சப்பி உண்பர். கூடவே ஒரு துண்டு கருப்பட்டியோ ஒரு கீற்றுத் தேங்காயோ இருந்தால் அது விருந்து.

இந்தச் சில வரிகளுக்குள் பல முடிவுகள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பழம், எந்த எரிபொருள், எரியும் நெருப்பா அடங்கிய நெருப்பா, எப்போது புரட்டுவது, எந்த மணத்தில் எடுப்பது என்பவை எல்லாம் அறிவின் பாற்பட்டவை. பனம்பழச் சதையின் கசப்புக்கு ஃபிளாபெலிஃபெரின் என்னும் சப்போனின் வகைச் சேர்மங்கள் காரணம் என்பதை இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். விழுந்த பழத்தைத் தேர்ந்ததும், அடங்கிய தணலில் நீண்ட நேரம் வைத்ததும், நீர் வற்றி இனிப்புச் செறியும்வரை காத்ததும் அந்தக் கசப்பை நாக்குக்கு ஏற்றதாக்கிய நடைமுறைகள். ஆய்வகத்தில் பெயரிடப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே முற்றத்தில் அந்தக் காறலுக்கு மருந்து கண்டிருந்தனர்.

சொற்களும் இதையே சுட்டுகின்றன. தமிழில் அவித்தல் வேறு, பொரித்தல் வேறு, வறுத்தல் வேறு, வாட்டுதல் வேறு, சுடுதல் வேறு. ஓவனில் செய்வதையும் இன்று ‘கேக் சுடுவது’ என்றே வீடுகளில் சொல்கின்றனர். எல்லைக்கு இருபுறமும் அப்பமும் சுடத்தான் படுகிறது. அந்த வினைச்சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. ‘சுட்ட பழம்’ என்றதும் ஔவையிடம் நாவல் மரத்துச் சிறுவன் கேட்ட கேள்வி தமிழ் மாணவருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கதையில் ‘சுட்ட’ என்பது சொல்விளையாட்டு. மண் ஒட்டிய பழத்தை ஊதுவதைச் சூடாற்றுவதாகக் காட்டும் நயம். எல்லைக் கிராமத்தில் அதே தொடர் நேர்ப்பொருளில் ஓர் உணவின் பெயர். இலக்கிய வகுப்பில் முதற்பொருள் மட்டும் கற்பிக்கப்படுகிறது. இரண்டாவது எந்த வகுப்பிலும் இல்லை.

‘பலகாரம்’ என்ற சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் இச்சொல் ‘பலாகாரம்’, அதாவது பழ உணவு என்னும் வடசொல்லின் வழிவந்தது. பொருள் விரிந்து, மாவும் எண்ணெயும் சர்க்கரையும் கொண்டு செய்யப்படுபவை அனைத்தும் அதனுள் அடங்கின. பழத்தையே சுட்டு உண்பது மட்டும் அதற்கு வெளியே நின்றுவிட்டது. பெயருக்கு உரிய பொருள் வெளியேற்றப்பட்டு, பெயர் மட்டும் எஞ்சியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கேரளத்தில் ‘சுடும் உணவின்’ வரலாறு எங்கிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது என்பதையும் இங்கு எண்ணிப்பார்க்கலாம். பர்மாவிலிருந்து திரும்பிய மம்பள்ளி பாப்பு 1880இல் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கியதும், 1883இல் அஞ்சரக்கண்டிக் கறுவாத் தோட்டத்து மர்டாக் பிரவுன் கேட்டுக்கொண்டபடி கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்ததும் ஒவ்வொரு டிசம்பரிலும் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் எழுதப்படும் கதை. அதில் உள்ளூர்ப் பழங்களிலிருந்து எடுத்த மதுவைப் பாப்பு பயன்படுத்தினார் என்பது குடும்ப மரபாகச் சொல்லப்படுகிறது. அது மதிக்கத்தக்க கதை. ஒரு கைவினைஞரின் துணிவைச் சொல்வது. எனினும், அடுதலின் வரலாற்றை அடுப்புக் கருவியின் வரலாறாக அது சுருக்கிவிடுகிறது. ஓவன் வந்த நாளே தொடக்க நாளாகிறது. தணலையும் சாம்பலையும் சுடுமணலையும் மேலும் கீழும் கனல் வைத்த பாத்திரத்தையும் கொண்டு சுட்டவர்கள் அந்த வரலாற்றுக்கு முன்னுரையாகக்கூட வருவதில்லை. வட மலபாரில் கனல் இட்டுச் செய்யப்பட்ட கலத்தப்பத்துக்கும், வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துச் செய்யும் காய்ப்போளைக்கும் அண்மைக் காலத்தில் உணவு எழுத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. தெற்கு எல்லையின் தணல் பழத்துக்கு அதுவும் இல்லை.

அச்சிட்ட ஆவணங்களில் பனைக்குப் பஞ்சமில்லை. பனையின் பயன்கள் 801 என்று எண்ணிச் சொல்லும் ‘தால விலாசம்’ என்ற தமிழ் நூல் பனை பற்றிய கட்டுரைகளில் தவறாமல் சுட்டப்படுகிறது. ராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி எழுதினார். அச்சமூகத்தைத் தாழ்த்திச் சொன்ன அந்நூல் பின்னர் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூர் குறித்து 1871இலும் 1883இலும் வெளியிட்ட நூல்கள் இப்பகுதி ஆய்வாளர்கள் அனைவரும் புரட்டுபவை. இத்தகைய எழுத்துகளில் பனை முதன்மையாக உழைப்பின் மரம்: ஏறுதல், பதநீர், கருப்பட்டி, ஓலை, வரி. விற்கக்கூடியதும் வரி விதிக்கக்கூடியதும் ஆவணத்தில் ஏறுகின்றன. கீழே விழுந்ததை எடுத்துச் சுட்டுத் தின்பதற்கு வரியும் இல்லை, விலையும் இல்லை. ஆகவே பதிவும் குறைவு.

பிற்காலத்தில் எல்லைக்கோடு இன்னொரு விடுபடலைச் சேர்த்தது. தமிழகத்துடன் இணைக்கக் கோரி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் பனை என்றால் தமிழகம் என்ற எண்ணம் வலுப்பட்டது. அங்கு அது மாநில மரம். கேரளத்துக்குள் பனை என்றால் பாலக்காடு. ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின்றெ இதிகாசம்’ 1969இல் நூலாக வந்தபின் கரிம்பனைக் காற்று மலையாள வாசகரின் மனத்தில் பாலக்காட்டுக்கே உரியதாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவில், செம்மண் விளைகளில் பனை நிற்கும் பாறசாலைப் பகுதி எவருடைய கற்பனையிலும் பனைநிலமாக இல்லை. ‘கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம்’ 2023இல் புவிசார் குறியீடு பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இத்தகைய குறியீடுகள் மாவட்டப் பெயரில் வழங்கப்படும்போது, ஒரே மண்ணும் ஒரே வீட்டு வழக்கமும் கொண்ட அடுத்த கிராமம் கோட்டுக்கு அப்பால் நின்றுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

எல்லாவற்றையும்விட ஆழமான காரணம் பசி. ஆடி மாதம் மலையாள நாட்காட்டியில் கர்க்கடகம். பஞ்சத்தின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் மாதம். மழையில் கூலிவேலை நின்றுவிடும். பதநீர்ப் பருவமும் முடிந்து, பனையை நம்பிய வீடுகளில் வருமானம் வற்றியிருக்கும் காலம் அது. அப்போதுதான் பழம் விழத் தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் சிங்க மாதத்தில் ஓணம். பனம்பழம் மிகுதியாக விழும் அதே வாரங்களில் இலையில் நேந்திரம்பழம் அவித்தும் வறுத்தும் பரிமாறப்படுகிறது. பனம்பழத்துக்கு இலையில் இடமில்லை. பஞ்சம் முடிந்ததைக் கொண்டாடும் விருந்து, பஞ்சத்தில் உயிர் காத்ததை இலையில் வைக்க விரும்பாததில் வியப்பில்லை. பனையின் ஓலைக்குச் சடங்கில் இடமுண்டு. குமரி, நெல்லைப் பக்கங்களில் கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கப்படுகிறது. பனையின் நுங்குக்குச் சாலையோரத்தில் விலையுண்டு. முதிர்ந்த பழத்துக்கு மட்டும் சடங்கும் இல்லை, சந்தையும் இல்லை.

பசி உணவாக இருந்தது மட்டுமே புறக்கணிப்புக்குப் போதிய காரணமாகாது. எல்லைக்கு இருபுறமும் ஒரே பெயரில் வழங்கும் மரச்சீனியை எடுத்துக்கொள்ளலாம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் திருவிதாங்கூரில் அது ஊக்குவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளைத் தாங்கியது. இன்று மீன்கறியுடன் சேர்ந்து உயர்தர உணவகங்களின் பட்டியலில் பெருமையுடன் நிற்கிறது. சக்கையும் அவ்வாறே. ஏழைவீட்டு வயிற்றை நிரப்பிய அந்தப் பழத்தைக் கேரள அரசு 2018 மார்ச்சில் மாநிலப் பழமாக அறிவித்தது. அதன் மாவும் அப்பளமும் ஐஸ்கிரீமும் கண்காட்சிகளை நிரப்புகின்றன. மூன்று பசி உணவுகளில் இரண்டு கரையேறிவிட்டன. மூன்றாவது ஏன் ஏறவில்லை?

இரு விடைகள் சொல்லலாம். முதலாவது சமூகம் சார்ந்தது. மரச்சீனியும் சக்கையும் எல்லாச் சாதியினர் புரயிடங்களிலும் விளைந்தன. பனையோ ஒரு குறிப்பிட்ட தொழிலோடும், அத்தொழிலைச் செய்தவர் மீது சுமத்தப்பட்ட இழிவோடும் பிணைக்கப்பட்டிருந்தது. மேலாடை உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் போராடி, 1859 அரச அறிவிப்பில் ஓரளவேனும் அதைப் பெற்ற மக்களின் பேரப்பிள்ளைகள், கல்வியாலும் வணிகத்தாலும் முன்னேறியபோது பனைமரத்தின் நினைவை வீட்டு முற்றத்திலிருந்து விலக்கியது புரிந்துகொள்ளக்கூடிய செயல். இரண்டாவது பண்டம் சார்ந்தது. பனம்பழம் பொட்டலத்துக்குள் அடங்குவதில்லை. விழுந்த ஓரிரு நாளில் புளித்துவிடும். நார் பல்லில் சிக்கும். சுட்ட சூட்டில் உண்ண வேண்டும். சந்தை மதிக்கும் குணம் எதுவும் அதனிடம் இல்லை.

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழும். பசியில் வேறு வழியின்றித் தின்றதை இன்று பாரம்பரியம் என்று கொண்டாடுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? தணல் ஊதி, புகையில் கண் எரிந்து, மழையில் நனைந்த பழம் பொறுக்கிய பெண்கள் கியாஸ் அடுப்பை விடுதலையாகவே கண்டனர். அவர்கள் மறக்க விரும்புவதை நினைவூட்ட ஆய்வாளருக்கு என்ன உரிமை? இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிடக் கூடாது. விறகடுப்பின் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. அக்காலத்துக்குத் திரும்பச் சொல்லும் எந்த எழுத்தும் நேர்மையற்றது.

ஆனால் மறக்கும் உரிமையும் பதிவிலிருந்து நீக்கப்படுவதும் ஒன்றல்ல. மறப்பது அந்த மக்களின் தேர்வு. நீக்குவது அறிவுத்துறையின் செயல். முன்னதை மதிக்கலாம், பின்னதைத் திருத்த வேண்டும். மேலும், வறுமையில் பிறந்த உணவில் வறுமை மட்டுமே இருந்தது என்று கொள்வதும் ஒருவகை இழிவுபடுத்தலே. அங்கு அறிவும் இருந்தது, சுவையும் இருந்தது, மழைமாலையில் தணலைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் மகிழ்ச்சியும் இருந்தது. துன்பத்தை அழகாக்காமலே இவற்றைப் பதிவுசெய்ய முடியும். கர்க்கடகத்தில் ஏன் இது வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதும் பதிவே நேர்மையானது.

பிற இடங்களில் இதே பழத்துக்கு நேர்ந்ததை ஒப்பிட்டால், எல்லைக் கிராமங்களில் நேர்ந்தது தவிர்க்க முடியாத விதி அல்ல என்பது விளங்கும். யாழ்ப்பாணத்தில் பனம்பழக் கூழைப் பிழிந்து, சர்க்கரையுடன் காய்ச்சிக் காறல் நீக்கி, மாவு சேர்த்துப் பொரிக்கும் பனங்காய்ப் பணியாரம் பெருமைக்குரிய பலகாரம். கூழைப் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தும் பனாட்டு புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளில் கடல் கடக்கிறது. இலங்கையில் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், கைதடியில் இயங்கும் பனை ஆராய்ச்சி நிறுவனமும் மரத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஆய்வுப்பொருளாக்கின. வங்கத்தில் இன்னும் வியப்பு: பனம்பழக் கூழில் செய்யும் ‘தாலேர் போரா’ ஜன்மாஷ்டமிக்குக் கண்ணனுக்குப் படைக்கப்படும் பண்டம். அதே மரம், அதே பழம், ஏறக்குறைய அதே ஆவணி. அங்கு தெய்வத்தின் இலையில் ஏறியது, இங்கு மனிதரின் இலையிலும் ஏறவில்லை. வேறுபாடு பழத்தில் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இனி ஆய்வு முறைக்கு வரலாம். உணவு மரபைத் தொகுக்கும் களப்பணிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில: ‘உங்கள் வீட்டில் செய்யும் பாரம்பரியப் பலகாரங்கள் எவை? எந்தப் பண்டிகைக்குச் செய்வீர்கள்? தேவையான பொருள்களும் அளவும் என்ன? எந்தப் பாத்திரத்தில் செய்வீர்கள்? யார் கற்றுத்தந்தார்?’ சுட்ட பனம்பழம் இந்த ஐந்திலும் தோற்றுவிடும். அது பலகாரம் என்று அழைக்கப்படுவதில்லை. அதற்குப் பண்டிகை இல்லை. அளவு இல்லை. பாத்திரமே இல்லை. கற்றுத்தந்தவர் பெரும்பாலும் மூத்த அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ; பாட்டியின் கைப்பக்குவம் என்ற சட்டகத்துக்குள் அது பொருந்தாது. அடுக்களைக்குள் நடக்காமல் முற்றத்தில் நடப்பதால், அடுக்களையை மட்டும் பார்க்கும் ஆய்வாளரின் கண்ணிலும் படாது. தகவலாளி பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. கேள்வியே அவரை அந்த நினைவின் பக்கம் அழைத்துச் செல்லவில்லை.

‘ஆடி மழையில் பசித்தால் என்ன தின்றீர்கள்? விளையில் விழுந்தவற்றை என்ன செய்தீர்கள்? தணலில் எவற்றைச் சுட்டீர்கள்?’ என்று கேட்டால் வேறொரு பட்டியல் கிடைக்கும். சுட்ட பனம்பழத்தோடு தோலுடன் சுட்ட ஏத்தன்பழமும், சுட்ட சக்கைக்கொட்டையும், சுட்ட முந்திரிக்கொட்டையும் வரும். வினையிலிருந்தும் பருவத்திலிருந்தும் தொடங்கும் கேள்வி, பண்டத்தின் பெயரிலிருந்து தொடங்கும் கேள்வியைவிட அகலமானது. இது உணவாய்வுக்கு மட்டும் உரிய படிப்பினை அல்ல. நாட்டார் வழக்காற்றியல், மொழியியல், பெண்ணியல், உள்ளூர் வரலாறு எனக் களத்துக்குச் செல்லும் எந்தத் துறை மாணவருக்கும் பொருந்தும்.

வீட்டில் இதை மீண்டும் செய்து பார்ப்பது கடினமும் அன்று. முற்றமும் தணலும் இல்லாத வீட்டில், இதழ்களை நீக்கித் தோலில் நாலைந்து இடங்களில் கத்தியால் கீறிய பழத்தை மின் ஓவனில் 200 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்தால் போதும். சாறு வடியும் என்பதால் கீழே ஒரு தட்டு வேண்டும். சுட்ட பழத்தின் சதையைத் துருத்தலில் தேய்த்து நாரை நீக்கினால் கூழ் கிடைக்கும். கூழ் 1 கோப்பை, வறுத்த அரிசிமாவு 1 கோப்பை, கருப்பட்டிப் பாகு முக்கால் கோப்பை, தேங்காய்த் துருவல் அரைக் கோப்பை, சிறிது சுக்கும் ஏலமும் உப்பும் கலந்து, வாட்டிய வாழையிலை விரித்த பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். ஓவன் இல்லாவிடில், அடிகனத்த பானையில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் இப்பாத்திரத்தை வைத்து மூடி, சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடலாம். கத்தி நுனியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வருவதே பதம். கேக்குக்கும் அடைக்கும் இடைப்பட்ட ஒன்று கிடைக்கும். இதை மரபு என்று அழைக்க வேண்டியதில்லை. மரபிலிருந்து பெற்ற பழத்தையும் நெருப்பறிவையும் கொண்டு இன்றைய அடுக்களையில் செய்யும் ஒன்று, அவ்வளவே.

காலம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். பாளையைச் சீவிப் பதநீர் எடுத்த பெண்பனை காய்ப்பதில்லை. ஏறுவோர் குறையக் குறைய, நிற்கும் பனைகளில் பழம் பெருகுகிறது. இன்று விளைகளில் அழுகிக் கிடக்கும் பழம் ஒரு தொழில் மறைந்துவருவதன் அடையாளமும் கூட. இன்னொரு பக்கம் வீட்டுமனைக்காகவும் சாலைக்காகவும் பனைகள் வீழ்த்தப்படுகின்றன. தமிழக அரசு 2021இல் வெளியிட்ட முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. எல்லையின் இந்தப் பக்கத்தில் பனைக்காகக் குரல் எழ வேண்டுமானால், மரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஏதேனும் ஒரு தொடர்பு உயிருடன் இருக்க வேண்டும். தன் பிள்ளைக்கு ஆவணியில் ஒரு பழமேனும் சுட்டுத் தந்தவர், விளையில் நிற்கும் பனையைத் தடையாக மட்டும் பார்க்கமாட்டார்.

ஆகவே எல்லைப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ், மலையாள, வரலாற்றுத் துறைகள் செய்யக்கூடியவை மிகச் சிறியவை. வரும் ஆடியில் ஒரு வகுப்பு மாணவர்கள் தத்தம் ஊரில் காய்க்கும் பெண்பனைகளை எண்ணட்டும். எழுபது வயது கடந்தோரிடம் தணலில் எவற்றைச் சுட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் பயன்படுத்தும் சொற்களை இரு எழுத்துகளிலும் எழுதி வைக்கட்டும். பேச விரும்பாதவரின் மௌனத்தையும் காரணத்தோடு குறித்துக்கொள்ளட்டும். இறுதியில் ஒரு பழத்தைச் சுட்டு, கை சுட்டு, நார் பல்லில் சிக்க, தின்று பார்க்கட்டும். ‘பலகாரம்’ என்ற சொல்லுக்குள் பழம் மீண்டும் வருமா என்பதை அதன்பின் விவாதிக்கலாம். அந்த விவாதத்தில் தணலைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் குரலே முதலில் கேட்கப்பட வேண்டும். அவர்களில் பலருக்குக் காத்திருக்க அதிக ஆடிகள் இல்லை.